ஏழையின் வெண்ணெய்

எங்கள் ஊர்ச் சந்தியிலுள்ள தேநீர்க்கடையில் ‘பட்டர் பாண்’ என்று கேட்டால், இரண்டு துண்டுப் பாணிலே மஞ்சள் நிறமான ஒன்றைக் கத்தியால் மெல்லத் தடவி, மேலே சீனி தூவித் தருவார்கள். “இது பட்டரோ, அண்ணை?” என்று ஒரு நாள் கேட்டேன். “பட்டர் மாதிரித்தான், தம்பி” என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையையும் முழுதாகச் சொல்லவில்லை. அந்த ‘மாதிரி’ என்னும் சொல் சில நாள்கள் என் மனத்தைவிட்டு அகல மறுத்தது.

அந்தப் பொருளின் பெயர் மாஜரின் என்பதை யாவரும் அறிவர். அது எங்கே, யாரால், யாருக்காக உண்டாக்கப்பட்டது என்று கேட்பவர் சிலரே. மன்னர் மரபுகளையும் போர்க்களங்களையும் ஆண்டு தவறாது ஒப்புவிக்கக் கற்றுக்கொண்ட நாம், அன்றாடம் வாயில் வைக்கும் பண்டத்தின் வரலாற்றைக் கேட்கப் பழகவில்லை. பாண் என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. தேயிலை ஆங்கிலத் துரைமார் மலைகளில் நட்டது. கறிக்கு உறைப்பூட்டும் மிளகாயும் கொலம்பசின் காலத்துக்குப் பின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்ததே. இவை ஓரளவு பேசப்பட்ட செய்திகள். மாஜரின் பற்றியோ நம்மிடையே பேச்சே இல்லை. அது தகரப் பேணியிலும் பிளாஸ்டிக் டப்பாவிலும் வந்து சேரும் பொருள். தொழிற்சாலையில் பிறந்ததற்கு வரலாறு ஏது என்று எண்ணிவிடுகிறோம். அதற்கு வரலாறு உண்டு. அந்த வரலாற்றிலே ஒரு பேரரசன் வருகிறான். பட்டினி கிடந்த பசுக்கள் வருகின்றன. கண்ணிழந்த குழந்தைகள் வருகிறார்கள். நம் நாட்டுத் தென்னையும் வருகிறது.

கதை தொடங்குமிடம் பிரான்சு, காலம் 1860கள். அரசு கட்டிலில் இருந்தவன் மூன்றாம் நெப்போலியன். பெரிய நெப்போலியனின் உடன்பிறந்தான் மகனான இவன், இளமையில் ஆட்சியைக் கைப்பற்ற முயன்று தோற்று, ஆம் என்னும் கோட்டையில் சிறையிருந்தபோது, 1844இல் வறுமையை ஒழிப்பது எப்படி என்று ஒரு நூல் எழுதியவன். சிறையில் வறுமை ஒழிப்பைப் பற்றி எழுதியவன் அரியணை ஏறிய பின் வறுமையை ஒழித்தானா என்றால், இல்லை. ஆனால் வறியோரைப் பற்றி அவன் இடையறாது சிந்தித்தான் என்பது மெய். 1848ஆம் ஆண்டின் புரட்சியைக் கண்ட எந்த ஆட்சியாளனும் பாரிஸ் நகரத்துத் தொழிலாளரின் வயிற்றைப் பற்றிச் சிந்தியாதிருக்க முடியாது.

அக்காலத்திலே பிரெஞ்சு நகரங்கள் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தன. கிராமத்தை விட்டு ஆலைகளுக்கு வந்த மக்களுக்குப் பசுவும் இல்லை, புல்வெளியும் இல்லை. வெண்ணெயின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. குளிர்நாட்டு உழைப்பாளிக்குக் கொழுப்பு ஆடம்பரமன்று. நாள் முழுதும் உடல் வருந்தி உழைப்பவனுக்கு அது விறகு போன்றது. கடற்படைக்கு இன்னொரு துன்பம் இருந்தது. வெண்ணெய் நெடும் பயணத்திலே கெட்டுக் காறிப்போய்விடும். ஆகவே வெண்ணெய்க்குப் பதிலாக, மலிவானதும் நெடுநாள் கெடாததுமான ஒரு பொருளைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு உண்டு என்று அரசன் அறிவித்தான். கடற்படையினருக்கும் வசதி குறைந்த வகுப்பினருக்கும் ஏற்றதாக அது இருத்தல் வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. இன்று நாம் உண்ணும் மாஜரின், இவ்வாறு, பிறக்கும் முன்னரே யாருக்கென்று எழுதப்பட்டுவிட்ட பண்டம். அரண்மனைச் சாப்பாட்டு மேசைக்கு அது தேவைப்படவில்லை. அங்கே வெண்ணெய் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருந்தது.

பரிசை நாடியவர் இப்பொலித் மேஜ் மூரியே. 1817இல் தென் பிரான்சிலே ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர். பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அல்லர். மருந்துக்கடையிலும் பாரிஸ் மருத்துவமனையிலும் வேலை பார்த்து இரசாயனம் கற்றவர். அதே அளவு கோதுமையிலிருந்து கூடுதலான வெண்ணிறப் பாண் சுடும் முறையொன்றைக் கண்டறிந்து, அதற்காக 1861இல் அரசின் விருது பெற்றவர். ஆக, ஏழையின் பாணைப் பெருக்கிக் கொடுத்த அதே மனிதரே அதன்மேல் பூசுவதற்கும் ஒன்றைத் தேடப் புறப்பட்டார்.

வென்சேன் என்னுமிடத்தில் அரசனுக்குச் சொந்தமான பண்ணையில் அவர் ஆராய்ச்சி செய்தார். பசுக்களுக்குத் தீனியைக் குறைத்துப் பார்த்தார். அவை மெலிந்தன, பாலும் குறைந்தது, ஆயினும் கறந்த பாலில் வெண்ணெய்ச் சத்து இருந்துகொண்டே இருந்தது. அப்படியாயின் வெண்ணெய் பசுவின் உடற்கொழுப்பிலிருந்தே வருகிறது. மடியிலுள்ள ஏதோ ஒரு பொருள் கொழுப்பை வெண்ணெயாக மாற்றுகிறது என்று முடிவு கட்டினார். பசுவின் வயிற்றுக்குள் நடப்பதைப் பாத்திரத்தில் நடத்திக் காட்டுவதே அவர் நோக்கமாயிற்று. மாட்டுக் கொழுப்பை நறுக்கி, ஆட்டு இரைப்பையின் துண்டுகளோடு மெல்லிய சூட்டிலே உருக்கினார். ஆறவிட்டு அழுத்திப் பிழிந்தபோது கடினமான பகுதி பின்தங்க, மென்மையான மஞ்சட் கொழுப்பு வடிந்தது. அதனோடு பாலும் நீரும், நறுக்கிய பசு மடியும் சேர்த்துக் கடைந்தார். வெண்ணெய் போன்ற ஒன்று திரண்டது. 1869 யூலை 15ஆம் நாள் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

மடியைப் பற்றி அவர் கொண்ட கொள்கை பிழையானது. மடியும் இரைப்பையும் இல்லாமலே வேலை நடக்கும் என்று பின்வந்தோர் கண்டு அவற்றை விட்டுவிட்டனர். கொள்கை தவறி, பண்டம் நின்றது. பெயரின் கதையும் இதைப் போன்றதே. செவ்ரல் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் 1813இல் கொழுப்பிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்து, முத்துப்போல அது மின்னியமையால், முத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஒட்டி ‘மார்கரிக் அமிலம்’ எனப் பெயரிட்டார். அது தனி அமிலமே அன்று, இரண்டு அமிலங்களின் கலவை என்று நூற்றாண்டின் நடுவிலே தெரியவந்தது. ஆனால் பெயர் அழியவில்லை. இல்லாத ஒரு பொருளின் பெயரைச் சுமந்துகொண்டு ஏழையின் வெண்ணெய் உலகுக்கு வந்தது. முத்து என்று பொருள்படும் அந்தப் பெயரை இதற்குச் சூட்டியதில் ஒரு குரூரமான நகைச்சுவை இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

பொவாசி என்னும் ஊரில் தொழிற்சாலை தொடங்கிற்று. மறு ஆண்டே பிரசியாவோடு போர் மூண்டது. 1870 செப்டெம்பரில் மூன்றாம் நெப்போலியன் சேடானிலே சிறைப்பட்டான். பாரிஸ் முற்றுகையிடப்பட்டது. வெண்ணெய்க்கு மாற்றுத் தேடிய நகரம் இறைச்சிக்கே மாற்றுத் தேடும் நிலைக்கு வந்தது. குதிரைகளும் எலிகளும் உண்ணப்பட்டன. மிருகக்காட்சிச் சாலையிலிருந்த கஸ்தோர், பொலுக்ஸ் என்னும் இரு யானைகளும் கொன்று விற்கப்பட்டன. அதன்பின் வந்த கொம்யூனும் அதனை இரத்தத்தில் மூழ்கடித்த படுகொலையும் வாசகர் அறிந்தவை. ஏழைக்கு மலிவான வெண்ணெய் கொடுத்து அமைதி வாங்கலாம் என்று எண்ணிய ஆட்சி, அந்த வெண்ணெய் சந்தைக்கு வந்து சேரும் முன்னரே மறைந்துபோயிற்று.

இனி நாம் ஒல்லாந்து தேசத்துக்குச் செல்லவேண்டும். அங்கே ஓஸ் என்னும் சிற்றூரிலே ஜுர்கென்ஸ், வான் டென் பெர்க் என இரு வணிகக் குடும்பங்கள் இருந்தன. இரண்டும் நாட்டு வெண்ணெயை வாங்கி இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்து வாழ்ந்தவை. இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் வெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. எவ்வளவு அனுப்பினாலும் போதவில்லை. பாரிசிலே ஒருவர் கொழுப்பிலிருந்து வெண்ணெய் செய்கிறார் என்று கேள்வியுற்ற ஜுர்கென்ஸ் குடும்பத்தார் 1871இல் அம்முறையை அறிந்துவந்து தொழிலைத் தொடங்கினர். மற்றக் குடும்பமும் காலந்தாழ்த்தவில்லை. ஒல்லாந்து 1869இல் காப்புரிமைச் சட்டத்தையே நீக்கிவிட்டிருந்தது. 1912 வரையில் அங்கே எவர் கண்டுபிடிப்பையும் எவரும் செய்யலாம். ஆதலால் மேஜ் மூரியேயின் காப்புரிமை அந்நாட்டு எல்லைக்குள் வெறுங் கடதாசியே. அவர் 1880இல் இறந்தார். அவர் கண்டுபிடிப்பினால் விளைந்த பெருஞ்செல்வம் ஓஸ் நகரத்திலே திரண்டது.

அந்த வணிகர் செய்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. வெண்ணெய் வணிகரே மாஜரின் வணிகரானபோது, இரண்டையும் கலந்து விற்பது எளிதாயிற்று. இங்கிலாந்துக்கு அது ‘பட்டரின்’ என்ற பெயரில் சென்றது. பட்டருக்கும் பட்டரினுக்கும் ஓர் எழுத்துத்தானே வேற்றுமை. சில்லறைக் கடைகளில் அந்த ஓரெழுத்தும் உதிர்ந்துபோய்விட்டது. ஏழை மகள் வெண்ணெயின் விலையைக் கொடுத்து மாட்டுக் கொழுப்பை வாங்கினாள். 1887இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டமியற்றி, ‘மாஜரின்’ என்ற பெயரில் மட்டுமே அதனை விற்கலாம் என்று கட்டளையிட்டது. நம் சந்திக் கடைக்காரரின் ‘மாதிரித்தான்’ என்ற விடைக்கு இவ்வளவு பழைய மரபு உண்டு!

அமெரிக்காவில் இந்தப் பிணக்கு ஒரு யுத்தமாகவே நடந்தது. சிக்காகோ நகரத்து இறைச்சி முதலாளிகளிடம் மாட்டுக் கொழுப்பு மலையாகக் குவிந்திருந்தது. அதற்கு நல்ல சந்தை கிடைத்தது. பால்பண்ணைக்காரர் கொதித்தெழுந்தனர். சிறு விவசாயியின் அச்சம் போலியானதன்று. கடனில் மூழ்கியிருந்தவனின் ஒரே வருவாய் வெண்ணெயாக இருந்தது. ஆனால் அவன் பெயரால் எழுந்த சட்டங்கள் வேறு கதை சொல்லுகின்றன. 1886இல் குடியரசுத் தலைவர் கிளீவ்லன்ட் கையொப்பமிட்ட சட்டம், மாஜரின் இறாத்தல் ஒன்றுக்கு 2 சதம் வரி விதித்தது. உற்பத்தியாளன் ஆண்டுக்கு 600 டொலரும் மொத்த வியாபாரி 480 டொலரும் சில்லறைக் கடைக்காரன் 48 டொலரும் அனுமதிக் கட்டணம் செலுத்த வேண்டும். 1902இல் மஞ்சள் நிறமூட்டிய மாஜரினுக்கு வரி 10 சதமாக உயர்ந்தது.

வழக்கின் உயிர்நிலை நிறம். மாஜரின் மஞ்சளாயிருந்தால் மக்கள் அதை வெண்ணெயென மயங்குவர் என்றனர். சில மாநிலங்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, மாஜரினுக்கு இளஞ்சிவப்பு நிறம் ஊட்டியே விற்க வேண்டுமென விதித்தன. இளஞ்சிவப்பாய்ப் பாணில் தடவிய ஒன்றை எவன் விரும்பி உண்பான்? 1898இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாததாக்கியது. பின்னர் வெள்ளையாக விற்கும் மாஜரினோடு ஒரு சிறு குளிகையில் மஞ்சட் சாயத்தைத் தனியே கொடுக்கும் வழக்கம் வந்தது. வேலை முடிந்து வீடு திரும்பிய பெண்கள் அதைப் பிசைந்து பிசைந்து நிறமேற்றினர். வரியைத் தவிர்க்கும் உழைப்பு ஏழை வீட்டு அடுக்களையில் ஏற்றப்பட்டது. மத்திய வரி 1950இல் நீங்கிற்று. பால்பண்ணை நாடான விஸ்கொன்சின் மாநிலம் மஞ்சள் மாஜரினுக்கு 1967வரை இடங்கொடுக்கவில்லை.

இதில் மறைந்திருக்கும் வேடிக்கை யாதெனில், வெண்ணெயும் எப்போதும் மஞ்சளாயிருப்பதில்லை. கோடையிலே பசும்புல் மேய்ந்த பசுவின் வெண்ணெய் மஞ்சள். பனிக்காலத்தில் உலர்ந்த வைக்கோல் தின்ற பசுவின் வெண்ணெய் வெளிறியது. அப்போது பண்ணையாளரே அதற்குச் சாயம் சேர்த்தனர். 1886ஆம் ஆண்டுச் சட்டம் வெண்ணெய்க்குச் சாயமிடுவதைக் குற்றமாக்கவில்லை! எருமைப்பாலைக் கடைந்து பழகிய நம் முன்னோர் அதற்கு ‘வெண்ணெய்’ என்றே பெயரிட்டனர். அவர்கள் அந்த வழக்கைக் கேட்டிருந்தால் எதைப்பற்றி இவர்கள் அடித்துக்கொள்கிறார்கள் என்று திகைத்திருப்பர்.

கனடா 1886இலேயே மாஜரினை முற்றாகத் தடைசெய்தது. முதலாம் உலகப் போரின் நெருக்கடியில் 1917 முதல் 1923 வரை தளர்த்தியது தவிர, 1948 வரை அத்தடை நீடித்தது. 1949இல் கனடாவோடு இணைந்த நியூபவுண்லாந்து, மாஜரின் உண்ணும் உரிமையை இணைப்பு உடன்படிக்கையிலேயே ஒரு பிரிவாக எழுதிப் பெற்றுக்கொண்டது. மீன்பிடித்து வாழும் வறிய மக்களின் நாடு அது.

இதுகாறும் சொன்னவை வணிகரின் வழக்குகள். டென்மார்க்கிலே நடந்தது வேறு வகையானது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

டென்மார்க் வெண்ணெயின் நாடு. 1880களிலிருந்து அங்குள்ள விவசாயிகள் கூட்டுறவுப் பாற்பண்ணைகளை அமைத்து உலகுக்கே வழிகாட்டினர். கூட்டுறவு பற்றி நம்மவர் எழுதும்போதெல்லாம் டென்மார்க்கை உதாரணம் காட்டுவது வழக்கம், அது தகும். ஆயினும் அந்த வெண்ணெய் எங்கே போயிற்று? பெரும்பகுதி கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிற்று. வெளிநாட்டுச் சந்தை கொடுத்த விலையை உள்நாட்டுத் தொழிலாளியால் கொடுக்க முடியவில்லை. அதனால் உலகத்துக்கே வெண்ணெய் ஊட்டிய நாட்டின் மக்கள், உலகத்திலே தலைக்கு மிக அதிகமாக மாஜரின் உண்போரின் முன்வரிசையில் நின்றனர். வெண்ணெய் எடுத்தபின் எஞ்சிய கொழுப்பில்லாப் பால் பன்றிகளுக்கும் ஏழைக் குழந்தைகளுக்கும் கிடைத்தது.

முதலாம் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் கோப்பன்ஹேகனிலுள்ள குழந்தை மருத்துவர் கார்ல் புளொக் என்பாரிடம் ஒரு விசித்திரமான கண்ணோயோடு குழந்தைகள் வரலாயினர். கண் உலர்ந்து, விழியின் கருமணி மங்கி, பின் மெழுகுபோல் இளகி உடைந்துவிடும். நோய்க்குக் காரணம் தொற்றா, மரபா, சுத்தக்குறைவா என்று பலர் பலவாறு எண்ணினர். புளொக் குழந்தைகளின் சாப்பாட்டைக் கேட்டறிந்தார். ஒரே அநாதைச் சிறுவர் இல்லத்தில், ஒரே கூரையின் கீழ், ஒரு பிரிவில் நோய் இருந்தது. இன்னொரு பிரிவில் இல்லை. நோயில்லாத பிரிவிலே பிள்ளைகளுக்கு முழுப்பால் கலந்த உணவு காலையில் கிடைத்தது; மற்றதில் பாலுக்குப் பதிலாக ஓட்ஸ் கஞ்சியும் உலர் ரொட்டியும். மாஜரினும் கொழுப்பு நீக்கிய பாலும் இரு பிரிவுக்கும் பொதுவானவை. நோயுற்ற பிள்ளைகளுக்கு முழுப்பாலும் மீனெண்ணெயும் கொடுத்தார். சில நாள்களிலேயே கண்கள் தெளிந்தன. காலந்தாழ்த்தி வந்த பிள்ளைகளுக்குப் பார்வை திரும்பவில்லை.

வெண்ணெயிலும் முட்டை மஞ்சட்கருவிலும் உள்ள ஒரு சத்து வேறு கொழுப்புகளில் இல்லை என்று 1913இல் அமெரிக்காவில் மக்கொலமும் டேவிசும் எலிகளைக்கொண்டு நிறுவியிருந்தனர். இன்று அதனை விற்றமின் ஏ என்கிறோம். அவர்கள் ஆய்வு செய்த இடம், முன்னர் நான் குறிப்பிட்ட அதே விஸ்கொன்சின். எலிகளில் கண்டது இப்போது கோப்பன்ஹேகனின் குழந்தைகளிலே தெரிந்தது. அக்காலத்து மாஜரினில் அந்தச் சத்து ஏறக்குறைய இல்லை. அது நிறத்திலும் சுவையிலும் ‘வெண்ணெய் மாதிரி’ இருந்தது. கண்ணுக்கு மட்டும் அது மாதிரியாக இல்லை.

அதன்பின் நடந்ததை விஞ்ஞானி எவரும் திட்டமிடவில்லை. 1917இல் ஜெர்மனி கட்டற்ற நீர்மூழ்கிப் போரைத் தொடங்கியதும் டென்மார்க்குக்குக் கப்பல்கள் வருவது நின்றது. மாஜரினுக்கு வேண்டிய எண்ணெயும் கொழுப்பும் வரவில்லை. வெண்ணெயும் முன்போல வெளியே போகவில்லை. ஆண்டு முடிவிலே அரசு வெண்ணெயைப் பங்கீடு செய்து, குறைந்த விலையில் ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு 250 கிராம் அளித்தது. 1918இல் அந்தக் கண்ணோய் நாட்டிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டது. போர் எல்லா நாட்டிலும் குழந்தைகளை வாட்டிய ஆண்டு அது. அந்த ஆண்டிலேயே டென்மார்க்கின் ஏழைக் குழந்தைகளின் கண்கள் பிழைத்தன. காரணம், கப்பல் ஓடவில்லை. வெண்ணெய் உண்டாக்கியவரின் நாட்டிலேயே பகிர்ந்து உண்ணப்பட்டது. போர் ஓய்ந்து பங்கீடு நீங்கி வெண்ணெய் மீண்டும் கப்பலேறியதும் நோயும் தலைகாட்டியது.

இதைப் படித்தபோது நம் மலைநாட்டு நினைவு எனக்கு வந்ததைத் தவிர்க்க முடியவில்லை. உயர்ந்த தேயிலையைக் கொழுந்து கொழுந்தாகக் கிள்ளி ஏற்றுமதிக்கு அனுப்பிவிட்டுத் தூள் தேநீர் குடித்த தலைமுறைகளை நாம் அறிவோம். ஆனால் தேயிலையின்றி ஒருவன் கண்ணிழப்பதில்லை. டென்மார்க்கின் கணக்கு அதனினும் கொடியது.

மாஜரின் என்னும் பண்டத்தைக் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்துவது என் நோக்கமன்று. அதில் இல்லாத சத்தைப் பின்னர் சேர்க்க முடிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல், பிரித்தானிய அரசு மாஜரினில் ஏ, டி விற்றமின்களைச் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. 1937இல் ஜோர்ஜ் ஓர்வெல் வட இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளரின் வறுமையை எழுதியபோது அவர்களுடைய உணவின் அடிப்படையாகக் கண்டது வெள்ளைப் பாணும் மாஜரினும் ஆகும். அந்தப் பிள்ளைகளின் தட்டுக்கு அந்தச் சத்து வந்தது போரின் தயவால். படைக்கு ஆள் வேண்டும் போதுதான் ஏழையின் எலும்பும் கண்ணும் அரசாங்கங்களின் கவனத்துக்கு வருகின்றன.

ஏழை வெண்ணெய்க்கான மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்கவேண்டும். மாட்டுக் கொழுப்பு போதாமற் போயிற்று. 1902இல் ஜெர்மனியர் வில்ஹெல்ம் நோர்மன், நிக்கலைத் துணையாகக்கொண்டு ஐதரசனை ஏற்றித் திரவ எண்ணெயைக் கட்டியான கொழுப்பாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் எந்த எண்ணெயும் மாஜரினாகலாம். அந்தாட்டிக் கடலின் திமிங்கிலங்கள் ஐரோப்பியரின் பாண்மேல் ஏறின. 1930–31ஆம் ஆண்டின் வேட்டைப் பருவம் ஒன்றிலே மட்டும் 29,000க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. அவற்றின் எண்ணெயில் பெரும்பகுதி மாஜரின் ஆலைகளுக்கே சென்றது. வெண்ணெயினும் துப்பாக்கியே வேண்டும் என்று 1936இல் மக்களுக்குப் போதித்த நாஜி ஆட்சி, அதே ஆண்டில் தன் திமிங்கில வேட்டைக் கப்பல்களையும் அனுப்பியது.

தேங்காயெண்ணெய்க்கு ஐதரசன்கூடத் தேவையில்லை. நமக்கு மார்கழிப் பனியிலே போத்தலில் உறையும் எண்ணெய், ஐரோப்பியக் குளிரில் எப்போதும் கட்டியாகவே இருக்கும். ஆகவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொப்பறாவுக்குப் பெருங்கிராக்கி உண்டாயிற்று. மார்செய்யிலும் ஹம்பர்க்கிலும் எண்ணெய் ஆலைகள் பெருகின. இலங்கையிலும் குருநாகல், சிலாபம், புத்தளம் பகுதிகளில் காடுகள் தென்னந்தோட்டங்களாயின. நிலத்தில் நாட்டிய அலவாங்கிலே நாள்முழுதும் தேங்காய் உரித்தவனுக்கும், சிரட்டை நெருப்பின் புகையில் நின்று கொப்பறா காயவைத்தவளுக்கும், தங்கள் உழைப்பு ஒரு ஜெர்மன் நெசவாளியின் பாண்மேல் பூசப்படுகிறது என்பது தெரிந்திருக்காது. அந்த நெசவாளிக்கும் இவர்களைத் தெரியாது. இருவரையும் தெரிந்தவர்கள் இடையிலே இருந்தவர்கள் மட்டுமே.

அந்த இடையிலிருந்தவர்கள் படிப்படியாக ஒருவராயினர். ஓஸ் நகரத்து இரு குடும்பங்களும் அரை நூற்றாண்டு போட்டியிட்டுக் களைத்து 1927இல் இணைந்தன. இங்கிலாந்தின் சவர்க்கார முதலாளிகளான லீவர் சகோதரருக்கும் அதே எண்ணெய்தான் வேண்டும். அந்நிறுவனம் 1911இலே பெல்ஜியக் கொங்கோவில் எண்ணெய்ப்பனைக்கென மிகப் பரந்த நிலப்பரப்பில் உரிமை பெற்றிருந்தது. அங்கே குடியேற்ற அரசின் துணையோடு ஆட்கள் வலுவந்தமாக வேலைக்குப் பிடிக்கப்பட்டனர். 1931இல் பெண்டே மக்கள் கிளர்ந்தெழுந்தபோது படையனுப்பி அடக்கியதில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஒல்லாந்து மாஜரினும் ஆங்கிலச் சவர்க்காரமும் 1929இல் உடன்பாடு செய்து, 1930இன் முதல் நாளிலிருந்து யூனிலீவர் என்ற ஒரே பெயரில் நின்றன. 1938இல் கொழும்பு கிராண்ட்பாஸிலும் லீவர் தொழிற்சாலை எழுந்தது. அதன்பின் அஸ்ட்ரா என்னும் வணிகப் பெயர் இலங்கையிலே மாஜரினுக்கே பெயராகிவிட்டது. கடைக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்மார் ‘ஒரு அஸ்ட்ரா வாங்கிவா’ என்றுதான் சொல்வார்கள். 2018இல் யூனிலீவர் தன் உலகளாவிய மாஜரின் வியாபாரத்தைக் கே.கே.ஆர். என்னும் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு 680 கோடிக்கு மேற்பட்ட யூரோ விலைக்கு விற்றுவிட்டது. மருந்துக்கடை ஊழியர் ஒருவர் பசு மடியை நறுக்கிப்போட்டுக் கடைந்த பண்டத்தின் விலை அது.

நோர்மன் கண்ட முறைக்கும் ஒரு பின்கதை உண்டு. ஐதரசனை அரைகுறையாக ஏற்றும்போது டிரான்ஸ் கொழுப்பு என்னும் ஒருவகைக் கொழுப்பு விளைகிறது. பல்லாண்டுகள் அதைப்பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை; மாட்டுக் கொழுப்பினும் தாவரக் கொழுப்பே இதயத்துக்கு நன்று என்று விளம்பரங்கள் பேசின. 1990இல் ஒல்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர் மென்சிங்கும் கட்டனும், டிரான்ஸ் கொழுப்பு இரத்தத்திலே தீய கொலஸ்டரோலைக் கூட்டி நல்லதைக் குறைக்கிறது என்று காட்டினர். மாஜரின் தொழில் பிறந்த நாட்டிலிருந்தே அந்த எச்சரிக்கை வந்தது. செல்வந்த நாடுகளிலே கடைகளில் விற்கும் டப்பா மாஜரின் விரைவில் திருந்திற்று. பேக்கரிகளுக்குப் பெட்டிபெட்டியாய்ப் போகும் மலிவான கட்டிக் கொழுப்புத்தான் பின்தங்கியது. பணிசும் பிஸ்கட்டும் பற்றீசும் பசியாற்றும் உணவாக உள்ளவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018இலேதான் அதை உலக உணவிலிருந்து நீக்கவேண்டுமென்று எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது.

அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னதாகவே ஒரு நாடு சட்டம் இயற்றிவிட்டது. 100 கிராம் கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு 2 கிராமுக்கு மேல் இருத்தலாகாது, பேக்கரிக்கும் உணவகத்துக்கும் அதே விதி, மீறினால் தண்டனை. 2003இல் உலகிலேயே முதன்முதலாக இவ்விதியைக் கொண்டுவந்த நாடு டென்மார்க்.